சுடுகாட்டுப் பாதையும் காலநிலைத் தீர்மானமும்

எங்கள் பெரியம்மா 2024 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில் செத்துப்போனாள். வெள்ளம் அடித்துக்கொண்டு போய்ச் சாகவில்லை. வயசான சாவு. ஆனால் அவள் செத்த நேரம் அப்படி.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் திறந்துவிட்ட தண்ணீர், டிசம்பர் 2 விடியும்போது ஒன்றரை லட்சம் கனஅடியைத் தாண்டியிருந்தது. கடலூர் மாவட்டத்தில் எங்கள் சேரி இருக்கிற இடம் பள்ளம். முழங்கால் தண்ணீர் வீட்டுக்குள் நிற்கிறது. பிணத்தை எங்கே கிடத்துவது? காலனியிலேயே கொஞ்சம் உசரமாக இருந்தது அங்கன்வாடித் திண்ணை. அதில் கிடத்தினோம்.

எங்கள் சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். பாதை என்று பட்டா, வரைபடம் எதிலும் கிடையாது. வயல் வரப்புதான் பாதை. மழைக்காலத்தில் அதுவும் தண்ணிக்குள்ளே போய்விடும். ஊர்ச் சுடுகாடு மேட்டில் இருக்கிறது. தார் ரோடு போகிறது, தகனமேடைக்குக் கொட்டகை இருக்கிறது, லைட்டு எரிகிறது. பையன்கள் நாலு பேர் போய்க் கேட்டார்கள். இந்த ஒரு தடவை அங்கே எரித்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ரொம்ப நிதானமாகத்தான் பதில் வந்தது: "பழக்கமில்லாததெல்லாம் எதுக்குப்பா இப்ப பேசற? தண்ணி வடியட்டும்."

மூன்றாம் நாள் இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினோம். விறகு பற்றவில்லை. புதைத்தோம். குழியில் ஊறிய தண்ணீரை இரண்டு பேர் குண்டானால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இதை எழுதுவது அனுதாபம் சம்பாதிக்க அல்ல. இதற்குப் பிறகு நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான்.

2025 ஜனவரி 26. கிராம சபை. அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்துபோயிருந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்கள் எல்லாவற்றிலும் அதே கதைதான். தேர்தல் வைக்கவில்லை. தனி அலுவலர் ஆட்சி. அவர் சார்பில் வந்தவர் நாற்காலியில் உட்கார, ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை வாசித்தார். ஒன்று: சுத்தமான பசுமை கிராமம். காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள மேய்க்கால் புறம்போக்கில் மரக்கன்று நடுவது, நெகிழிப் பையை ஒழிப்பது, பள்ளிக்கூடத்தில் மாணவர்களை வைத்து உறுதிமொழி எடுப்பது.

நான் எழுந்தேன். எங்கள் சுடுகாட்டுப் பாதையை உயர்த்தி, ஓடையில் ஒரு சிறுபாலம் கட்ட வேண்டும், அதையும் இந்தத் தீர்மானத்தில் சேருங்கள் என்றேன். அந்த அதிகாரி சிரித்தார். கெட்ட மனுசர் இல்லை. "தம்பி, இது காலநிலை மாற்றம் சம்பந்தப்பட்ட தீர்மானம். சுடுகாட்டுப் பாதை இதுல வராது. அதுக்குத் தனியா மனு கொடுங்க" என்றார்.

தோழர்களே, இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு பதிலைப் பற்றியதுதான். எங்கள் பிணம் போகிற பாதை ஏன் காலநிலை மாற்றத்தில் வராது?

*

வரும் என்பதை முதலில் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதம் கூடுதலான ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல் பாடம். கடல் சூடேறினால் புயலுக்குத் தீனி கூடும். முன்பு பத்து நாளில் பெய்த மழை இப்போது ஒரு ராத்திரியில் கொட்டுகிறது. 2011 டிசம்பர் 30 தானே. 2015 நவம்பரில் நெய்வேலியிலும் பண்ருட்டிப் பக்கத்திலும் கொட்டிய மழை. அன்றைக்குப் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் அடித்துக்கொண்டு போனது. 2024இல் ஃபெஞ்சல். பதினான்கு வருசத்துக்குள் எங்கள் மாவட்டம் பார்த்தது இது.

இதற்கெல்லாம் 'இயற்கைச் சீற்றம்' என்று பேர் வைக்கிறார்கள். மழை இயற்கைதான். ஆனால் மழைத்தண்ணி எங்கே போய்த் தேங்கும் என்பதை இயற்கை முடிவு செய்யவில்லை. மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி என்று எவனோ முடிவு செய்து பல நூறு வருசம் ஆகிறது. ஏரி கோடி போனால் எந்தப் பக்கம் தண்ணி வரும், கரை உடையும் போலிருந்தால் எந்தப் பக்கம் வெட்டி விடுவார்கள் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கொத்தனார் வேலை செய்கிற என் தம்பி டியூப் மட்டத்தை எடுத்து வந்தான். அந்தக் கண்ணாடி டியூபில் தண்ணியை ஊற்றி, ஊர்த்தெரு முனையிலிருந்து எங்கள் தெரு முனை வரைக்கும் அளந்தோம். மூன்றரை அடி இறக்கம். அதில் பாட்டன் காலத்துப் பள்ளம் கொஞ்சம்தான். மீதி, போன இருபது வருசத்தில் போட்ட ரோடு. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லி கொட்டித் தார் ஊற்றுகிறார்கள். ரோடு உசருகிறது. ரோட்டோரத்து வீட்டுக்காரன் காசுள்ளவன், அவனும் வாசலை உசர்த்திக் கட்டுகிறான். எங்கள் தொகுப்பு வீடு கட்டின இடத்திலேயே கிடக்கிறது. அதனால் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகிறது. இதைச் செய்தது எந்தப் புயலும் இல்லை. ஊராட்சியின் ரோடு வேலை. அந்த வேலைக்கும் ஒரு கிராம சபைத் தீர்மானம் உண்டு. அதில் நம்மாளும் கையெழுத்துப் போட்டிருப்பான்.

*

ஊராட்சிக்கு அதிகாரம் இல்லையா? காகிதத்தில் இருக்கிறது. 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம், பதினொன்றாம் அட்டவணையில் 29 இனங்களை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்கிறது. காலநிலை என்ற சொல் அதில் கிடையாது. ஆனால் படித்துப் பாருங்கள்: சிறுபாசனமும் நீர் மேலாண்மையும், சமூகக் காடு, கிராம வீட்டு வசதி, குடிநீர், விறகும் தீவனமும், மரபுசாரா எரிசக்தி, தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் நலம். காலநிலை மாற்றத்தை ஒரு கிராமம் எப்படித் தாங்குவது என்று இன்றைக்கு நிபுணர்கள் பேசுகிற அத்தனையும் அதில் அடக்கம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 29இல் இரண்டாவது இனத்திலேயே நிலச்சீர்திருத்தத்தை நிறைவேற்றுவது வருகிறது. எந்த ஊராட்சியாவது அதைத் தொட்டதுண்டா?

தமிழ்நாட்டில் காலநிலை மாற்ற இயக்கம் 2022இல் தொடங்கியது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் அதற்கு இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். பசுமைக் காலநிலை நிறுவனம் என்று தனி நிறுவனமே வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் வேறு மாநிலங்கள் யோசிக்கும் முன்பே செய்தார்கள், நல்லது. ஆனால் அது ஆட்சியர் ஆபீசிலிருந்து கீழே வருகிற ஏணி. கீழே வந்து சேரும்போது அது மரக்கன்றாகவும் மஞ்சப்பையாகவும்தான் வந்து சேர்கிறது.

அந்த ஏணியின் கடைசிப் படியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளே பல நேரம் இருப்பதில்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. அந்த மூன்று வருசத்துக்குள் வந்தவை 2016 வர்தா, 2017 ஒக்கி, 2018 கஜா. நாகப்பட்டினம், வேதாரண்யம், பட்டுக்கோட்டை எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த நேரத்தில் ஒரு கிராமத்தில்கூட வாக்கு வாங்கி வந்த ஊராட்சித் தலைவர் கிடையாது. நிவாரணப் பட்டியலை யார் எழுதினார்கள்? அதிகாரி எழுதினார். அதிகாரிக்கு யார் சொன்னார்கள்? ஊரின் பெரிய மனுசன் சொன்னான். பட்டியலில் விழுந்த தென்னைக்குக் கணக்கு இருந்தது. தென்னை மரத்தில் ஏறிப் பிழைத்தவனுக்குக் கணக்கு இல்லை. 2025இல் மறுபடியும் தனி அலுவலர் என்றபோது எனக்குப் பயம் வந்தது இதனால்தான்.

ஆள் இருந்தால் மட்டும்? 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அந்தப் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதுதான் குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் முறையான தேர்தலுக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய கதை என்பார்கள். 2020இல் எங்கள் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் தலித் ஊராட்சித் தலைவி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. தலித் தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடுக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடிக்கயிற்றைப் பிடிக்க விடாதவன் ஏரி மதகைப் பிடிக்க விடுவானா?

'ஊராட்சி' என்கிற சொல்லையே பாருங்கள். ஊரும் சேரியும் வேறு வேறு என்று நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆட்சி என்று வரும்போது மட்டும் ஊராட்சி. சேரி அந்தச் சொல்லுக்குள் இல்லை.

*

சில முன்மாதிரிகளைச் சொல்வார்கள். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. மின்சாரத்தை விற்றுக் கடனையும் அடைத்தது. ஒரு கிராம ஊராட்சியால் முடியும் என்று காட்டியது, மறுக்கவில்லை. கேரளத்தில் வயநாட்டு மீனங்காடி 2016இல் கார்பன் சமநிலைத் திட்டத்தை எடுத்தது. 2022 ஏப்ரலில் ஜம்முவின் பல்லி கிராமத்தில் 500 கிலோவாட் சூரிய மின்நிலையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். எல்லாம் சரி. மீனங்காடியில் மரம் நட்டு வளர்ப்பவருக்கு அந்த மரத்தை வைத்து வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். அழகான யோசனைதான். மரம் நட நிலம் வேண்டுமே? காலடி நிலமில்லாத ஆதிவாசியும் தலித்தும் எதில் நடுவது, வாசலிலா?

நம் ஊரிலும் இதே கதைதான். மேய்க்கால் புறம்போக்கில் வேலி போட்டு மரம் நடுகிறார்கள். அங்கே ஆடு மேய்த்தவள் யார்? சீமைக்கருவேலம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது, வேரோடு பிடுங்கு என்று 2017இல் உயர் நீதிமன்றத்திலிருந்தே உத்தரவு வந்து, பிறகு தடையும் வந்தது. அந்த மரத்தின் மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டுச் சாப்பிடுகிறவர் யார், சேரி அடுப்பில் எரிகிற விறகு எது என்று ஒரு வரி அந்தப் பேச்சுகளில் வந்ததா? பிடுங்கிய பிறகு அடுப்புக்கு என்ன என்று எந்த ஊராட்சி தீர்மானம் போட்டது? விறகு என்பது அந்த 29 இனங்களில் ஒன்று, ஞாபகம் இருக்கட்டும்.

வெள்ளம் வந்தால் அடுத்த பேச்சு 'நீர்நிலை ஆக்கிரமிப்பு'. முதலில் புல்டோசர் வருவது ஏரிக்கரைக் குடிசைக்கு. சென்னை வள்ளுவர் கோட்டம் நிற்கிற இடமே ஒருகாலத்தில் நுங்கம்பாக்கம் ஏரி. நம்முடைய ஊர்களில் ஏரிக்குள்ளே பயிர் வைத்திருக்கிறவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அவன் ஆக்கிரமிப்பாளன் இல்லை, விவசாயி. நாம் ஆக்கிரமிப்பாளர். வீட்டுமனை கொடுக்காமல் புறம்போக்கில் குடிசை போட வைத்ததும் இவர்கள்தான், மழை வந்ததும் இடிக்க வருவதும் இவர்கள்தான்.

இன்னொரு கூட்டம் பழைய நீர் மேலாண்மையைப் பற்றி உருகும். குடிமராமத்து, ஊர்கூடி ஏரி தூர்த்தல், நம் முன்னோர் அறிவு. சரி, அந்த அறிவு யாருடையது? மதகுக்குள் மூழ்கி அடைப்பெடுத்தவர், ராத்திரி கரையில் காவல் கிடந்தவர், யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று மடை மாற்றியவர், பல ஊர்களில் நம் ஆட்கள். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று பேர். தண்ணீரை ஆண்டவனுக்குத் தண்ணீர் பாயச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்தபோது பாசனதாரர் சங்கங்களிடம் வேலையைக் கொடுத்தது. அந்தச் சங்கத்தில் நிலம் உள்ளவன்தான் உறுப்பினர். ஏரி உடைந்தால் முழுகுகிறவன் உறுப்பினர் இல்லை.

சின்ன டவுன்களிலும் இதுதான் நிலைமை. பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் வெள்ளம் வடிந்ததும் சாக்கடையை, செத்த மாட்டை, மலத்தை, சேற்றை அள்ளுவது யார்? 2015 சென்னை வெள்ளத்தில் மற்ற ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். காலநிலைப் பேரிடரை இந்த நாடு உண்மையில் சமாளிப்பது அருந்ததியர் கையால்தான். ஆனால் எந்த நகராட்சியின் காலநிலைத் திட்டத்திலும் அவர்களுக்கு ஒப்பந்தம் நீக்கிய வேலை, பூட்ஸ், கையுறை, தடுப்பூசி என்பது 'காலநிலை'ச் செலவாக வராது.

வெயிலையும் சொல்ல வேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. செத்தால் 4 லட்சம். சாகாமல் வேலை செய்கிறவளுக்கு? நூறு நாள் வேலையில் ஏரி வெட்டுகிற நம் பெண்களுக்கு நிழல் பந்தலும் தண்ணீரும் சட்டத்திலேயே இருந்தது, களத்தில் இருந்ததில்லை. அந்த 2005 சட்டத்தையே மாற்றி 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. 125 நாள் என்கிறது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. மிராசுதாருக்குக் கூலி ஆள் குறையக் கூடாது என்பதுதானே இதன் பொருள்? தீவிர வானிலையைச் சமாளிக்கும் வேலைகள் என்றும் அந்தச் சட்டத்தில் ஒரு வகை இருக்கிறது. அந்த வகைக்குள் சேரிச் சுடுகாட்டுப் பாதையை நுழைக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

*

நம் மேலும் குற்றம் இருக்கிறது. சுற்றுச்சூழல் என்றாலே நாம் ஒதுங்கி நின்றோம். நானே மேடையில் பேசியிருக்கிறேன்: "புலியைக் காப்பாத்தறவன் மனுசனைக் காப்பாத்த மாட்டான்" என்று. கைதட்டு வாங்கியிருக்கிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர்களிடம் விட்டுவிட்டோம். 1994இல் காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக நின்ற நம் தோழர்கள் இருவரைத் துப்பாக்கி தின்றது. அந்த நிலம் நம்மிடம் இருந்திருந்தால், மேட்டில் நம் கையில் நிலம் இருந்திருந்தால், இந்த வெள்ளத்தில் நாம் எங்கே நின்றிருப்போம் என்று யோசியுங்கள். நிலப் போராட்டம்தான் நம் காலநிலைப் போராட்டம். பேர் மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

ஒரு தோழர் எழுதினார்: கிராமத்தை நம்பாதே என்று அண்ணல் சொன்னார், நீ ஊராட்சியிடம் அதிகாரம் கேட்கிறாயே? நியாயமான கேள்வி. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தின் குறுகிய புத்தியையும் அறியாமையையும் அம்பேத்கர் கிழித்துப் போட்டார். ஊராட்சிக்கு எல்லாம் கொடுத்துவிட்டு மேலே இருக்கிறவன் கையைக் கழுவிக்கொள்ளட்டும் என்று நானும் சொல்லவில்லை. கஜாவில் பார்த்தோமே, ஊரைத் தாண்டி ஆட்சியரிடம் போனாலும் ஆட்சியர் ஊர்ப் பெரிய மனுசனிடம்தான் கேட்கிறார். தூரத்து அதிகாரமும் நமக்கு உதவவில்லை, பக்கத்து அதிகாரமும் உதவவில்லை. மேலே கட்டாயப்படுத்துகிற சட்டம் வேண்டும். கீழே அதை இழுத்துப் பிடிக்கிற கால்கள் வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் அம்பேத்கர் செய்த வேலை.

மஹத்தை ஞாபகப்படுத்துகிறேன். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதார்க்குத் திறக்க வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. மஹத் ஒரு சின்ன டவுன். அதன் நகராட்சி 1924இல் சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதியது. மூன்று வருசம் அந்தத் தீர்மானம் நோட்டிலேயே கிடந்தது. ஒருத்தர்கூடக் குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் மக்களோடு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அடித்தார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதே வருசம் ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. வழக்கு பத்து வருசம் இழுத்து, 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. ஒரு சின்ன ஊரின் உள்ளாட்சி, ஒரு நீர்நிலை, ஒரு நல்ல தீர்மானம். இன்றைக்கு 'பசுமை கிராமம்' தீர்மானங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் கண்ணில் நிற்கிறது.

குத்தம்பாக்கத்தையும் மறக்கக் கூடாது. திருவள்ளூர் மாவட்டம். 1996இல் தலித்தான இளங்கோ ஊராட்சித் தலைவராக வந்தார். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை வீடுகளை அந்த ஊராட்சி கட்டியது. ஒரே சுவர் என்றால் ஒரே மட்டம். ஒருத்தன் வீட்டில் தண்ணி ஏறினால் இன்னொருத்தன் வீட்டிலும் ஏறும். அப்புறம் வடிகாலை யாரும் மறக்க மாட்டான். காலநிலைத் திட்டம் என்று சொல்லாமலே செய்த காலநிலைத் திட்டம் அது.

*

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்.

ஊராட்சியோ பேரூராட்சியோ போடுகிற எந்தக் காலநிலைத் திட்டமும் சேரியின் மட்டத்தை அளந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கடைசிப் பள்ளத்திலிருந்து தண்ணீர் வெளியேறுகிற வழி முதலில். மரக்கன்று அப்புறம். ரோடு போட்டால் பழையதைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும்.

புயல் மையமும் நிவாரணக் கூடமும் சேரிக்குள்ளேயே, அல்லது எல்லாரும் நுழையக்கூடிய பொது இடத்தில். ஊர்க் கோயில் மண்டபத்தைக் காட்டி 'ஏற்பாடு செய்தாச்சு' என்று எழுதக் கூடாது. சுடுகாடு பொதுச் சுடுகாடாக வேண்டும். அது ஆகிற வரைக்கும் எங்கள் பாதை மழையில் முழுகாத பாதையாக வேண்டும்.

அதே ஊரில் மேட்டு நிலத்தில் பட்டா கொடுக்காமல் நீர்நிலையிலிருந்து ஒரு குடும்பத்தையும் நகர்த்தக் கூடாது. பஞ்சமி நிலம் இருக்கிற ஊரில் அதை மீட்டுக் கொடுங்கள், அதைவிடப் பெரிய மறுவாழ்வுத் திட்டம் கிடையாது.

ஏரிச் சங்கத்தில் நிலமற்ற கூலிகளும் உறுப்பினராக வேண்டும். தலித், பழங்குடி மக்களுக்கான நிதியைப் பாதுகாக்க 2024இல் தமிழகம் தனிச்சட்டமே இயற்றியிருக்கிறது. அந்தப் பணத்தை எடுத்து ஊர்ப் பூங்காவில் போட்டுவிட்டுக் 'காலநிலை' என்று கணக்கெழுதாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளாட்சித் தேர்தல் காலத்தில் நடக்க வேண்டும். புயல் தேர்தல் கமிஷனுக்காகக் காத்திருப்பதில்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு டியூப் மட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம்தான். ஊருக்கும் சேரிக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். கிராம சபையில் அந்த எண்ணை வாசியுங்கள். நம் கோபத்துக்கு அவர்களிடம் ஆயிரம் பதில் இருக்கிறது. மூன்றரை அடிக்கு என்ன பதில் சொல்வார்கள்?

நாங்கள் அதைத்தான் செய்தோம். 2025 ஆகஸ்டு 15 கிராம சபைக்குக் காலனியிலிருந்து பெண்கள்தான் நிறையப் பேர் வந்தார்கள். மிட்டாய் வாங்கிக்கொண்டு கலைந்துபோகவில்லை. தம்பி அளவைச் சொன்னான். பெரியம்மாவின் மருமகள் எழுந்து, "எங்க மாமியாரத் தண்ணியில தூக்கிக்கினு போனோம். எங்களயும் அப்பிடியேதான் தூக்கிக்கினு போவணுமா? இதையும் அந்தக் கிளைமேட்டு தீர்மானத்துல எழுதுங்க சார்" என்றாள். தனியாக மனு கொடுங்கள் என்றார்கள். கொடுக்க மாட்டோம், இதிலேயே எழுதுங்கள் என்று உட்கார்ந்துவிட்டோம். மத்தியானம் இரண்டு மணி வாக்கில் எழுதினார்கள். காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் பணிகள் என்ற தலைப்பின் கீழ், மரக்கன்றுக்கு அடுத்த வரியில்: ஆதிதிராவிடர் மயானப் பாதையை உயர்த்திச் சிறுபாலம் அமைப்பது.

அந்த வருச மழைக்கும் பாதை வரவில்லை. தீர்மானம் நோட்டில் இருக்கிறது. மஹத்திலும் நோட்டில்தான் இருந்தது. அடுத்த ஐப்பசிக்குள் எங்கள் கால்கள் அதன் மேல் நடக்க வேண்டும்.